விலைத்தாளில் வந்த திருத்தம்

எங்கள் மாலைப் பத்திரிகை வால்போஸ்டர் போடுவதை நிறுத்திவிட்டது. கடைசிப் போஸ்டர் தொங்கிய அன்று நான் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொன்னவர் யாருமில்லை. மறுநாள் தட்டி காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முந்தின நாள் போஸ்டரில் மழை பற்றி ஏதோ எழுதியிருந்தது. வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

அந்த வேலையை இப்போது கைப்பேசியில் செய்கிறார்கள். ஒரு படம், அதன் மேல் மூன்று வரி. அப்படிப்பட்ட செய்தி அட்டைகளைத் தயாரிக்கும் இளைஞர்கள் நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்து, போஸ்டர் எழுதிய அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தவன் நான். தினம் பதினொன்றரை மணிக்குள் போஸ்டர் வாசகம் எழுதுவது அதில் பெரும்பகுதிக் காலம் என் பொறுப்பு. எழுதிய ஒவ்வொன்றையும் அன்றன்றே நாட்குறிப்பில் படியெடுத்து வைத்திருக்கிறேன். நிருபர்கள் தொலைபேசியில் சொன்னதை அப்படியே குறித்த நோட்டுகளும் இருக்கின்றன.

தேதி இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்வது என் பழக்கமில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் கிழமையும் மணியும் மட்டுமே சொல்லப் போகிறேன். பழைய இதழ்களைப் புரட்டத் தெரிந்தவருக்கு ஒரு தேதி கிடைத்தால் போதும், ஒரு பெண்ணின் வீட்டு வாசல்வரை போய்விடலாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரை மட்டும் மாற்றவில்லை. அது ஏற்கெனவே சரியான இடத்தில் அச்சாகியிருக்கிறது.

எங்கள் அச்சகத்தில் இயந்திரம் ஒன்று, பத்திரிகை இரண்டு. முதலில் வந்தது விலைத்தாள். கருப்பட்டி, மிளகாய் வத்தல், எள், புளி, வாழைக்காய் என்று தெற்கத்திச் சந்தைகளின் விலையைத் தாங்கி வாரம் ஒரு முறை வரும் நான்கு பக்கத் தாள் அது. மண்டிக்காரர்களும் கமிஷன் வியாபாரிகளும் சந்தா கட்டி வாங்குவார்கள். வாரத்தில் மற்ற நாட்களில் இயந்திரம் சும்மா கிடந்ததால் மாலைப் பத்திரிகை பிறந்தது. அதற்கும் முன்னால் அதே இயந்திரத்தில் கொலைச் சிந்து அச்சடித்தார்கள் என்று மூத்த கம்பாசிட்டர்கள் சொல்வார்கள். ஊரில் ஒரு கொலை நடந்தால் அதைப் பாட்டாகக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, பஸ் நிலையத்திலும் ரயிலிலும் பாடி விற்பார்கள். அந்தப் புத்தகங்கள் சிலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். நடந்தது முதல் பாட்டிலேயே முடிந்துவிடும். மிச்சப் பக்கமெல்லாம் ஏன் நடந்தது என்பதுதான். கொன்றவனின் மனதுக்குள், செத்தவளின் மனதுக்குள் எல்லாம் பாட்டுக்காரர் போய்விட்டு வருவார். நாங்கள் செய்த வேலையும் அதுவேதான். எங்களிடம் மெட்டு இல்லை, அவ்வளவே.

போஸ்டருக்கு மூன்று வரி. முதல் வரி ஊர்: 'நாங்குநேரி அருகே', 'ராதாபுரம் அருகே'. இரண்டாம் வரி நடந்தது. மூன்றாம் வரி காரணம், அல்லது காரணம்போலத் தோன்றுகிற ஏதாவது ஒன்று. பொதுப் போஸ்டர் எல்லா ஊருக்கும் போகும். சம்பவம் நடந்த ஊருக்கு மட்டும் தனியாக ஒன்று அடிப்போம். அதற்கு ஊர்ப் போஸ்டர் என்று பெயர். மற்ற ஊர்க்காரர்களுக்கு நடந்ததைச் சொன்னாலே பேப்பர் விற்றுவிடும். நடந்த ஊரில் அது காலையிலேயே பழையதாகிவிட்ட சங்கதி. அவர்களுக்குத் தெரியாதது ஏன் என்பது ஒன்றுதான். எனவே ஊர்ப் போஸ்டரில் மூன்றாம் வரியைத்தான் பெரிய மர எழுத்தில் கோப்போம். பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாத காரணத்தை ஜங்ஷனில் உட்கார்ந்துகொண்டு பதினொன்றரை மணிக்குள் நான் எழுத வேண்டும். இதில் இருக்கும் கோணல் அப்போது எனக்கு உறைக்கவில்லை. வேலை கற்றுக்கொண்ட மூன்று வருடமும் எப்படி எழுதுவது என்பதைக் கற்றுக்கொள்வதிலேயே போய்விட்டது.

அந்த மூன்று வருடத்தில் சொல்லத் தக்கவை இரண்டு. முதலாவது, வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றில் முதலை வந்ததாக நான் எழுதிய போஸ்டர். தாமிரபரணியில் தண்ணீர் கரை தொட்டு ஓடிய ஒரு செவ்வாய்க்கிழமை. ஒருவர் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். நான் 'குளிக்கச் சென்றவர்கள் அலறல்' என்று மூன்றாம் வரி எழுதினேன். இரண்டு நாள் படித்துறையில் ஆளே இல்லை. வெள்ளிக்கிழமை அது ஒரு பழைய தென்னந்தடி என்று தெரிந்தது. திருத்தம் போடலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். "போடாத வே," என்றார். "போஸ்டரப் பாக்காதவனும் திருத்தத்தப் பாத்துட்டு, ஓகோ ஆத்துல முதலை வந்துச்சான்னு கேப்பான்."

இரண்டாவது, வள்ளியூர் வத்தல் விலை. விலைத்தாளுக்காகத் தொலைபேசியில் விலை குறித்தபோது ஒரு வாரத்து விலையை இன்னொரு வாரத்துக்கு எழுதிவிட்டேன். மூன்று வண்டிச் சரக்கு போன வழியே திரும்பி வந்தது. அடுத்த வாரம் விலைத்தாளின் முதல் பக்கத்தில், தலைப்புக்கும் மேலே, கட்டம் கட்டித் திருத்தம் வந்தது. விலைத்தாளின் திருத்தத்துக்கு மாறாத ஐந்து வரி உண்டு: பொருள், ஊர், அச்சானது, சரியானது, பிழை செய்தவர். என் பெயர் வாழ்க்கையில் முதல் முறையாக அச்சில் வந்தது அந்த ஐந்தாவது வரியில்தான். என் மாமனார் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தார்.

திருத்தம் அத்துடன் முடியாது. பிழை செய்தவரே தாள் கட்டைச் சுமந்துகொண்டு அந்த ஊருக்குப் போக வேண்டும். சந்தை நாள் காலையில் பெரிய மண்டி ஒன்றின் வாசலில் கணக்கர் விலைத்தாளைச் சத்தமாக வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரர்களும் பனையேறிகளும் சுற்றி நின்று கேட்பார்கள். திருத்தம்தான் முதலில் வாசிக்கப்படும். வாசித்து முடியும்வரை பிழை செய்தவர் அங்கே நிற்க வேண்டும். வள்ளியூரில் நான் நின்றேன்.

இந்த ஏற்பாடெல்லாம் எங்கள் முதலாளியும் ஆசிரியருமான சிதம்பரம் அண்ணாச்சி செய்தது. அவருடைய தகப்பனார் மண்டிக் கணக்கராக இருந்தவர். அண்ணாச்சி குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மாலைப் பத்திரிகைக் கட்டுகள் ஒன்றரை மணிக்கே பஸ் ஏறிவிடும். புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மேஜையைத் துடைக்கச் சொல்லிவிட்டு விலைத்தாளுக்கு உட்காருவார். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். ஒவ்வொரு ஊருக்கும் தானே போன் போடுவார். ஒரு வியாபாரியிடம் விலை கேட்டு வைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து அதே ஊரில் இன்னொருவரிடம் கேட்பார். இருவரும் வேறு வேறு சொன்னால் மூன்றாவது ஆள். ஒன்றாகச் சொன்னாலும் மூன்றாவது ஆள்.

"ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்லுதாம்னா பேசி வச்சிருப்பானுவ வே," என்பார்.

அச்சுப்படி வந்ததும் ஒரு மர அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாகப் பைய நகர்த்திப் படிப்பார். பிழை இருந்தால் திட்ட மாட்டார். தாளை நான்காக மடித்துக் கையில் கொடுப்பார். அந்த மடிப்பைப் பார்த்தாலே கம்பாசிட்டர்கள் மறுபடி எழுத்துப் பெட்டியின் முன் போய் நின்றுவிடுவார்கள். அதே மனிதர் மாலைப் பத்திரிகையின் போஸ்டரை நடந்துகொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடுக்குமா வே?" என்று, விற்பனையை மட்டும் கேட்பார். நான் "எடுக்கும் அண்ணாச்சி" என்றால் போய்விடுவார்.

ஒரு முறை இந்த வித்தியாசத்தை அவரிடமே கேட்டேன். "மாலைப் பேப்பர் படிக்கவன் அத வாயில போட்டு மெல்லுதான். விலைத்தாள் படிக்கவன் வண்டி கட்டுதான்," என்றார். அந்தப் பதில் எனக்குப் பல வருடம் போதுமானதாக இருந்தது.

ஒரு வைகாசி மாதத் திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்துக்குத் திசையன்விளை நிருபர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். அவர் சொன்னதை, பெயர் தவிர, நோட்டில் உள்ளபடியே தருகிறேன். மைமூன், முப்பது வயதிருக்கும். கணவர் சவூதியில். விடியற்காலை வீட்டை விட்டுப் போனவர் இன்னும் வரவில்லை. கொழுந்தன் போலீஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். மைமூன் கழுத்தில் கிடந்த நகையோடு போயிருக்கிறார்.

"காரணம் என்னவே?" என்று கேட்டேன்.

"தெரியல அண்ணாச்சி. போயி ஆறு மணி நேரங்கூட ஆவல. அந்தப் பொம்பள கருப்பட்டி யாவாரம் பண்ணுது, ஊரூராப் போவும். கொழுந்தனுக்கு அது புடிக்கல. அதான் விழுந்தடிச்சு ஸ்டேசனுக்கு ஓடியிருக்கான்."

இந்தக் கடைசி மூன்று வாக்கியங்களையும் நோட்டில் குறித்தேன். போஸ்டருக்கு எடுத்துக்கொள்ளவில்லை. வேறு பெரிய செய்தி இல்லாத நாள் அது. மணி பதினொன்று இருபத்தைந்து. நான் எழுதிய ஊர்ப் போஸ்டர் இது:

திசையன்விளை அருகே
வெளிநாட்டுக்காரர் மனைவி
நகைகளுடன் ஓட்டம்

கழுத்தில் கிடந்த நகை, நகைகள் ஆயிற்று. போனது, ஓட்டம் ஆயிற்று. உள்ளே செய்தியில் பெயரும் போட்டிருந்தோம். அண்ணாச்சி நடந்துகொண்டே பார்த்து "எடுக்குமா வே?" என்றார். எடுக்கும் என்றேன்.

புதன்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு ஒரு பெண் தனியாகப் படியேறி வந்தார். வெள்ளைத் துப்பட்டி, கையில் ஒரு வயர் கூடை. அண்ணாச்சி விலைத்தாளுக்காக மேஜையைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கூடையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து ஈர மேஜை மேல் விரித்தார். என் ஊர்ப் போஸ்டர்.

"நாந்தான் மைமூன்," என்றார். "திங்கக்கெழம மூணே முக்கால் பஸ்ஸுல வந்து எறங்குதேன். எதுத்தாப்புல பேப்பர் கடையில இது தொங்குது. நா ஓடிப் போனத நானே நின்னு படிச்சேன்."

அண்ணாச்சி போஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

"இது யாரு எழுதுனது?"

"ஆபீஸ்ல எழுதுனதும்மா," என்றார் அண்ணாச்சி.

"ஆபீசுக்குக் கை இருக்கா?"

அண்ணாச்சி பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. அண்ணாச்சி பொறுமையாக, மாலைப் பத்திரிகையில் திருத்தம் போடும் வழக்கம் இல்லை என்று சொல்லி, முதலை சமயத்தில் எனக்குச் சொன்ன அதே காரணத்தைச் சொன்னார். போட்டால் தெரியாதவனுக்கும் தெரியும், கெடுதல் உனக்குத்தான் என்றார்.

"பேப்பர்ல போடச் சொல்லி நா வரல மொதலாளி. விலைத்தாள்ல போடுங்க."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "அதுல கருப்பட்டியும் எள்ளும் போடுவோம். மனுசங்களப் போடுதது இல்லம்மா."

"நா கருப்பட்டிதான் மொதலாளி. ராதாபுரம் பக்கம் ஏழெட்டு ஊருல பனையேறுத வீட்டுப் பொம்பளைய எங்கிட்டதான் சரக்கக் குடுப்பாவ. எழுத்தும் இல்ல, கணக்கும் இல்ல, வாய்ச் சொல்லுதான். நேத்துப் போனேன். ஒரு பெட்டி தரல. 'இன்னைக்கு இருப்ப, நாளைக்கு இருப்பியா'ங்காவ. ஒருத்தி எங் கழுத்தப் பாக்கா, நகை இருக்கான்னு. மண்டியிலயும் ஒருத்தனும் மொகம் பாத்துப் பேசல. பருவம் இன்னும் ரெண்டு மாசந்தான். அதுக்குள்ள எம் பேரு நேரா வரலன்னா, அடுத்த வருசம் வேற ஆளு அந்த ஊருகள்ல நிப்பா. நா கொழுந்தன் சொன்னபடி வீட்டுக்குள்ள கெடக்கணும்."

"பேப்பர எத்தன பேரு ஞாபகம் வச்சிருக்கப் போறான்?" என்றார் அண்ணாச்சி.

"அவுக பேப்பர் படிக்கல மொதலாளி. போஸ்டரப் படிச்சவுக சொல்லிக் கேட்டிருக்காவ. அதே மாதிரி திருத்தத்தையும் கேப்பாவ. சந்தையில சத்தமா வாசிப்பாவல்லா, அந்த எடத்துல வரணும்."

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, ஐந்து வரிகளின் தலைப்பை மட்டும் எழுதினார். பேனாவை நான்காவது வரியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"சரியானதுன்னு என்ன போடட்டும்? அன்னைக்கு நீ எங்க போயிருந்த?"

மைமூன் ஈரத்தில் ஒட்டியிருந்த போஸ்டரின் ஓரத்தை நீவிவிட்டார்.

"எங்கிட்ட சொல்லாட்டாலும் போவுது. வரின்னு ஒண்ணு இருக்குல்லா. சரியானது இல்லாம திருத்தம் இல்லம்மா."

"நா எங்க போனா என்ன மொதலாளி? ஓடிப் போவல. காலையில போனேன், சாயந்தரம் வந்துட்டேன்."

"அது போதாதும்மா. எங்கன்னு கேப்பான்."

அப்போது மைமூன் சொன்னதை நான் குறிப்பெடுக்கவில்லை. குறிப்பெடுக்க வேண்டிய அவசியம் இல்லாதபடி நினைவில் இருக்கிறது.

"போன மாசியில எள்ளுக்குத் திசையன்வெளைல தப்பா வெல போட்டிய. மறு வாரம் திருத்தம் வந்துச்சு. அதுல சரியானதுன்னு என்ன போட்டிய? சரியான வெலையவா போட்டிய? 'அன்று எள் வரத்து இல்லை'ன்னு போட்டிய. வராத சரக்குக்கு வெல எங்கன இருந்து வரும்? இல்லாதத இல்லன்னுதான போட்டிய. எனக்கும் அப்படிப் போடுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கோப்பு அலமாரிக்குப் போனேன். மாசி மாதக் கட்டில் மூன்றாவது வாரத் தாளில் அது இருந்தது. பொருள் எள், ஊர் திசையன்விளை, சரியானது: அன்று எள் வரத்து இல்லை. அவர் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. விலைத்தாளை அந்த அளவுக்குக் கவனமாக எங்கள் அச்சகத்தில் ஒருவர்தான் படிப்பார் என்று நினைத்திருந்தேன்.

அண்ணாச்சி தாளை வாங்கி, அடிக்கோலை அந்த வரிக்குக் கீழே வைத்து, ஒரு முறை படித்தார்.

"சரி," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நிருபர் போன எடுத்தது நீருதான?"

"ஆமா அண்ணாச்சி."

"நிருபர் ஓட்டம்னா சொன்னான்?"

ஆம் என்று சொல்லியிருந்தால் ஐந்தாவது வரியில் நிருபரின் பெயர் போயிருக்கும். திசையன்விளைச் சந்தையில் அவர் நின்றிருப்பார். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி என் நோட்டு மட்டும்தான். அது என் மேஜை இழுப்பறையில் இருந்தது. இழுப்பறையைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மைமூன் என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த வரியில் யார் பெயர் வந்தாலும் ஒன்றுதான்.

நோட்டை எடுத்து வந்து திங்கட்கிழமைப் பக்கத்தை வாசித்தேன். கழுத்தில் கிடந்த நகையோடு என்பதையும் வாசித்தேன். கொழுந்தனுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் வாசித்தேன். "ஓட்டம் எங்கயும் இல்ல அண்ணாச்சி," என்றேன். "நான் போட்டது."

அண்ணாச்சி மேஜை மேல் விரிந்து கிடந்த போஸ்டரை எடுத்து நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். மாலைப் பத்திரிகைச் சங்கதி ஒன்றுக்காக அவர் அப்படி மடித்துக் கொடுத்தது அந்த ஒரு முறைதான்.

"எழுதும் வே," என்றார்.

நான் எழுதினேன். எழுதியதை வாசிக்கச் சொல்லி மைமூன் கேட்டார். 'பொருள்' என்ற வரியில் வெளிநாட்டில் உள்ளவரின் மனைவி மைமூன் என்று எழுதியிருந்தேன். பழக்கம்.

"மனைவின்னு போடாதிய அண்ணாச்சி. கருப்பட்டி வியாபாரின்னு போடுங்க. சந்தையில என்ன அப்படித்தான் தெரியும்."

மாற்றினேன். அந்த வார விலைத்தாளின் தலையில் கட்டம் கட்டி வந்தது இது:

பொருள்: மைமூன், கருப்பட்டி வியாபாரி
ஊர்: திசையன்விளை
அச்சானது: மாலைப் பத்திரிகைப் போஸ்டரில், நகைகளுடன் ஓட்டம்
சரியானது: அப்படி எதுவும் நடக்கவில்லை
பிழை செய்தவர்: கணபதி

சந்தை நாள் அதிகாலை முதல் பஸ்ஸில் கட்டோடு திசையன்விளைக்குப் போனேன். மண்டி வாசலில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். செம்மண் புழுதி காலையிலேயே எழும்பிவிட்டது. கணக்கர் வயதானவர், வெண்கலக் குரல். கட்டைப் பிரித்து மேல் தாளை எடுத்து, "திருத்தம்" என்று தொடங்கினார். முதல் வரியை வாசித்ததும் நிறுத்தினார். தனக்குள் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "என்ன வே, பொம்பளைக்கும் வெல போட ஆரம்பிச்சிட்டானுவளா?"

"வெல போடலலே. போட்டது தப்புன்னு போட்டிருக்கு," என்றார் கணக்கர். "காத உள்ள வச்சிக் கேளு."

"அப்போ அவ எங்கதான் போனாளாம்?"

"அது தாள்ல இல்ல."

"அது எப்படி இல்லாமப் போவும்?"

கணக்கர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "மாசியில எள்ளு வரலன்னு வாசிச்சேனே, அன்னைக்கு எள்ளு எங்க போச்சுன்னு கேட்டியாலே நீ?"

கூட்டம் சிரித்தது. இந்த முறை சிரிப்பு அவன் பக்கம் திரும்பியிருந்தது. கணக்கர் கடைசி வரியை வாசித்தார். "பிழை செய்தவர் கணபதி. யாருய்யா கணபதி?"

கையை உயர்த்தினேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வள்ளியூரில் பார்த்ததைவிட நேரம் எடுத்துப் பார்த்தார்கள். வத்தல் விலையில் பிழை செய்தவனை எரிச்சலோடுதான் பார்ப்பார்கள். இது வேறு விதம். பனையேறி வீட்டுப் பெண்கள் மூன்று பேர் ஓரமாக நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தலையிலிருந்து கால்வரை என்னை அளந்துவிட்டு, "ஆளப் பாத்தா படிச்ச ஆளு மாதிரில்லா இருக்கு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அதைவிடக் கடுமையாக யாரும் எதுவும் சொல்லவில்லை.

மைமூன் மண்டியின் மறு பக்கத்தில் வேப்பமரத்துக்குக் கீழே நின்றிருந்தார். காலடியில் ஒரே ஒரு ஓலைப் பெட்டி. கணக்கர் கருப்பட்டி விலைக்கு வந்தார், வத்தலுக்கு வந்தார், எல்லாம் வாசித்து முடித்தார். பிறகு தாளை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "மைமூன், ஒரு பெட்டிதானா?" என்று கேட்டார்.

"அடுத்த சந்தைக்குக் கூட வரும்," என்றார் மைமூன்.

பெட்டி தராசுக்குப் போனது. எல்லாம் அன்றே சரியாகிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். திசையன்விளை நிருபரிடம் வாராவாரம் கேட்டு நோட்டில் குறித்து வந்தேன். அடுத்த சந்தைக்கு மூன்று பெட்டி. அதற்கடுத்தது ஐந்து. இரண்டு ஊர்களில் அந்தப் பருவம் முடியும்வரை தரவே இல்லை. அடுத்த பங்குனியில் அந்த இரண்டு ஊர்ப் பெட்டிகளும் வந்தன. அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

மாலைப் பத்திரிகை அதற்குப் பிறகும் திருத்தம் போடவில்லை. நானும் அதற்குப் பிறகு பல வருடம் போஸ்டர் எழுதினேன். 'பரபரப்பு' எழுதினேன், 'திடுக்கிடும் தகவல்' எழுதினேன். ஆனால் நிருபர் சொல்லாத காரணத்தை ஊர்ப் போஸ்டரில் எழுதுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட நாட்களில் மூன்றாம் வரி காலியாகப் போகும். முதல் முறை பார்த்தபோது அண்ணாச்சி, "மொட்டையா இருக்கு வே," என்றார். "காரணம் வரத்து இல்லை அண்ணாச்சி," என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் காலமான பிறகு வந்த நிர்வாகம் மொட்டைப் போஸ்டரை ஒப்புக்கொள்ளவில்லை. என்னைப் போஸ்டரிலிருந்து விலைத்தாளுக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

கடந்த சில வருடங்களில் கைப்பேசியில் வரும் அட்டைகளைக் கவனித்து வருகிறேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்கிய சமயத்தில் ஒரே நாளில் எட்டு அட்டை எனக்கு வந்தது. எட்டிலும் முதல் இரண்டு வரி ஒன்றுதான். மூன்றாம் வரி மட்டும் எட்டு விதம். எழுதியவர்களில் ஒருவர்கூடக் கீழிறங்கிய பஸ்ஸில் இருந்தவரிடம் பேசியிருக்க மாட்டார் என்று படித்தவுடனே தெரிந்தது. எனக்குத் தெரியும். நான் எழுதினவன்.

என்னைத் தேடி வந்த அந்த நான்கு இளைஞர்களுக்கும் இதைத்தான் சொன்னேன். நோட்டைக் காட்டினேன், விலைத்தாளைக் காட்டினேன். நான்காக மடித்த போஸ்டரையும் காட்டினேன். மடிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. கவனமாகக் கேட்டார்கள். எல்லாம் முடிந்ததும் அவர்களில் சூட்டிகையான பையன் கேட்டான்:

"சார், அப்போ அவங்க அன்னைக்கு உண்மையிலேயே எங்கதான் போயிருந்தாங்க?"

இந்தக் கதையை நான் சொன்ன ஒருவரும் அதைக் கேட்காமல் விட்டதில்லை. என் மனைவி கேட்டாள். கம்பாசிட்டர்கள் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. நான்கைந்து வருடத்துக்கு முன் ஜங்ஷன் பஸ் நிலையத்தில் மைமூனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

"இன்னும் போஸ்டர் எழுதுதியளா அண்ணாச்சி?"

"இல்லம்மா. ரிட்டயர் ஆயிட்டேன்."

"நல்லது," என்றார். அவருடைய பஸ் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. யாவாரம், பிள்ளைகள், மழை என்று இருபது நிமிடமும் பேசிக்கொண்டிருந்தோம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கேள்வி வாய்வரை வந்தது. பஸ் வந்தது. கூடையை எடுத்து மேலே கொடுத்தேன்.

அந்தப் பையனிடம் திங்கட்கிழமையின் நாட்குறிப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். போஸ்டர் வாசகத்துக்குக் கீழே பிறகு சேர்த்தது: விடியற்காலை புறப்பட்டார். பிற்பகல் மூன்றே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்கினார். நடுவே நான்கு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். மற்ற எந்தப் பக்கத்திலும் நான் அப்படி இடம் விட்டதில்லை.

"இத நீங்க எப்ப சார் எழுதுவீங்க?" என்று கேட்டான்.

விலைத்தாளை அவன் பக்கம் நகர்த்தி, நான்காவது வரியை வாசிக்கச் சொன்னேன். சத்தமாக வாசித்தான்.




"அப்படி எதுவும் நடக்கவில்லை."

"அவ்வளவுதான் தம்பி," என்றேன். நாட்குறிப்பை மூடி வைத்தேன்.